புல்தரைக்கு நிலம் பண்படுத்தல்

முன்னுரை

பண்படுத்துதல் என்னும் சொல்லைத் தமிழர் நிலத்துக்கும் வழங்கினர், மனத்துக்கும் வழங்கினர். அதனோடு தொடர்புடைய பண்பாடு என்னும் சொல் இன்று ஓர் இனத்தின் வாழ்வு முழுவதையும் சுட்டி நிற்கின்றது. விளைவு கண்ணுக்குப் புலனாவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய பணி ஒன்று உண்டு என்பதை இவ்வழக்குகள் நமக்கு உணர்த்துகின்றன.

கல்லூரி, பள்ளி, மருத்துவமனை, இல்லம் ஆகியவற்றின் முகப்பில் புல்தரை அமைக்கும் வழக்கம் பெருகியுள்ளது. அவற்றுள் பல, அமைத்த மறு ஆண்டிலேயே கோரை படர்ந்தும், திட்டுத்திட்டாகக் காய்ந்தும், மழைநீர் தேங்கியும் பொலிவிழந்து போவதை நாம் காண்கின்றோம். இக்குறைக்குப் பெரும்பாலும் புல் காரணமன்று; புல்லை நடுவதற்கு முன் நிலத்துக்குச் செய்யாது விட்ட பணியே காரணம். இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழகச் சமவெளியில் அருகம்புல் நடுவதற்குரிய நிலத்தை ஆயத்தம் செய்யும் முறையே இங்கு எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப்பகுதிகளின் தட்பவெப்பமும் அங்கு வளரும் புல்வகைகளும் வேறாதலின் அவை விலக்கப்பட்டன.

வந்த வழியும் வேறுபாடும்

ஒரே சீராக வெட்டிய புல்பரப்பைத் தோட்டத்தின் நடுப்பொருளாகக் கொள்ளும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்தது. அங்குச் செல்வர் மாளிகைகளின் முன்னிருந்த புல்வெளிகளை முற்காலத்தில் ஆட்டு மந்தைகள் மேய்ந்தும், ஆட்கள் நீண்ட அரிவாளால் அரிந்தும் ஒழுங்குபடுத்தி வந்தனர். 1830இல் எட்வின் பட்டிங் என்பார் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் எளிய இல்லத்தாரும் புல்தரை வைத்துக் கொள்ள இயன்றது.

நம் நாட்டில் முகலாயர் அமைத்த தோட்டங்கள் கனிமரங்களும் மலர்ச்செடிகளும் நீர்வாய்க்கால்களும் நிறைந்தவை. தாஜ்மகாலின் முன் இன்று காணும் அகன்ற புல்பரப்பு, கர்சன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்துச் (1899–1905) சீரமைப்பின் பயனாகும். மூலத் தோட்டத்தின் தோற்றம் அதுவன்று.

இவ்வரலாற்றை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கின்றது, வெயில் மென்மையானது. தமிழகத்திலோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் பெய்துவிடுகின்றது. பிறகு நீண்ட வறட்சியும் கடுங்கோடையும் தொடர்கின்றன. எனவே அந்நாட்டு நூல்கள் கூறும் காலத்தையும் முறையையும் அவ்வாறே பின்பற்றுதல் நமக்குப் பொருந்தாது. நம் மண்ணையும் மழையையும் நோக்கியே நாம் தொடங்குதல் வேண்டும்.

முதற்பணி: அளவறிதல்

மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன் கணக்கேட்டை எடுத்தல் நன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர் ஆகும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள புல்தரையின் பரப்பு 100 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் எனக் கொண்டால், அதற்கு 500 லிட்டர் தேவை; முப்பது நாளைக்கு 15,000 லிட்டர். இது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவினும் மிகுதி.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு தெருவில் நின்றதை நாம் மறந்திலோம். அத்தகைய நாட்டில் புல்தரை அமைப்போர், கோடையில் தம்மால் தரவியலும் நீரின் அளவை முதலில் அறிந்து, அதற்கேற்பப் பரப்பைக் குறுக்கிக் கொள்ளுதல் கடமையாகும். நன்கு பண்படுத்திய சிறு புல்தரை, பண்படாத பெரும்பரப்பினும் சிறந்தது. ஆழமாகப் பண்படுத்திய மண்ணில் வேர் கீழிறங்கும். கீழிறங்கிய வேர் அடிமண்ணின் ஈரத்தை நாடிப் பெறும். மேலாகக் கொத்திய மண்ணிலோ வேர் மேலேயே நின்று நாள்தோறும் நீருக்கு ஏங்கும். ஆகவே நிலத்தைப் பண்படுத்துதல் அழகுக்காக மட்டுமன்று. அது நீரைச் சிக்கனப்படுத்தும் வழியுமாகும்.

இடம் தேர்தலில் வெயிலே அளவுகோல். அருகம்புல் வெயில் விரும்பி. மரநிழலில் அது மெலிந்து மறையும். வேம்பு, புங்கு முதலியவற்றின் அடியில் புல்தரை அமைக்க முயலுதலும், புல்லுக்காக மரத்தை வெட்டுதலும் தகாதன. மரத்தடியை உதிர்ந்த இலைகளால் மூடிவிட்டு, நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தை மட்டும் புல்லுக்கு ஒதுக்குதல் அறிவுடைமை.

மண்ணை வினவுதல்

புதிய கட்டடத்தின் முன்னுள்ள நிலம் பெரும்பாலும் இயற்கை மண்ணாக இராது. அடித்தளம் தோண்டியபோது வெளிவந்த அடிமண் மேலே பரவியிருக்கும். செங்கற்சல்லி, காரைக்கட்டி, கம்பித்துண்டு, ஆணி ஆகியன புதைந்திருக்கும். லாரிகள் ஓடியதனால் நிலம் இறுகியிருக்கும். இவற்றின்மேல் ஒரு சாண் செம்மண்ணைப் பரப்பிப் புல்லை நடுவது, அழுக்கின்மேல் புத்தாடை உடுத்துவதை ஒக்கும். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த இடத்தில் மண்ணின் காரத்தன்மை மிகும். அங்குப் புல் வெளிறும். எனவே கழிவுகளைக் கடப்பாரையால் பெயர்த்துப் பொறுக்கி அகற்றுதல் முதற்கண் செய்யத்தக்கது.

அடுத்து, மண்ணின் இயல்பை மாணவரும் அறியத்தக்க இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மண்ணும் மீதி நீரும் இட்டு நன்கு குலுக்கி அசையாது வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் கனத்தைக் கொண்டு மண்ணின் வகையை உணரலாம். இரண்டாவதாக, ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். அது வடிந்ததும் மறுமுறை நிரப்பி மறுநாள் நோக்குக. அப்பொழுதும் நீர் நின்றால் அந்நிலத்துக்கு வடிகால் இல்லை என்பது தெளிவு.

களிமண்ணைத் தளர்த்தச் சிறிது மணல் சேர்த்தல் பலரும் செய்வது. சிறிதளவு மணல் களியைத் தளர்த்துவதில்லை. காய்ந்தபின் அது மேலும் இறுகவும் கூடும். களிக்கும் மணலுக்கும் பொதுவான மருந்து மக்கிய எருவே. அது களியை உதிரச் செய்கின்றது. மணலில் ஈரத்தை நிறுத்துகின்றது. உவர், களர் ஐயம் உள்ள இடங்களில் மண்ணையும் கிணற்று நீரையும் அரசு மண் ஆய்வுக்கூடத்தில் காட்டி அறிதல் வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு நல்ல நீரால் அலசி வடித்தல் முறையாகும். அதிலுள்ள சுண்ணச்சத்து, மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விலக்குகின்றது. விலகிய சோடியம் நீரோடு வெளியேறுகின்றது. வடிகால் இல்லையேல் இம்மருந்தும் பயனற்றதாகும்.

கோரை என்னும் பகை

புல்தரையின் தலையாய பகை கோரை. சித்த மருத்துவத்தில் முத்தக்காசு எனப் போற்றப்பெறும் இதன் கிழங்கு, தோட்டத்தில் தீராத தொல்லையாகின்றது. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் மெல்லிய தண்டுகளால் மணிமாலை போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ளன. தலைக்கிழங்கு உயிரோடிருக்கும் வரை ஏனையவை பெரும்பாலும் உறங்குகின்றன. அதனைப் பறித்தாலோ தொடர் அறுந்து உறங்கியவை விழித்தெழுகின்றன. ஆதலின் மேலே தெரியும் இலையைப் பிடுங்குவோர் கோரையை அழிப்பதில்லை, பெருக்குகின்றனர். புல் நட்டபின் அதனை ஒழித்தல் மிக அரிது. அருகின் வேரைக் குலைக்காமல் கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்தல் இயலாது.

எனவே இப்போர் நடவுக்கு முன்பே முடிதல் வேண்டும். அதற்கு இரண்டு கருவிகள் நம்மிடம் உள. ஒன்று கோடை வெயில், மற்றொன்று பொறுமை. சித்திரையில் நிலத்தை ஓரடி முதல் ஒன்றரை அடி ஆழம் கொத்திக் கட்டிகளைப் புரட்டி வெயிலில் விடுதல் வேண்டும். மண்ணை உணங்கச் செய்வதன் பயனை 1037ஆம் குறள் கூறுகின்றது. உழுத மண்ணின் எடை நான்கில் ஒரு பங்காகுமாறு காய்ந்தால் எருவும் வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. எருவின் தேவை இன்று நமக்கு முற்றும் நீங்கவில்லை எனினும், காய்தல் என்பது வீண் காத்திருப்பன்று, அதுவே ஒரு வேளாண்பணி என்னும் உண்மையை அக்குறள் நமக்கு நிலைநாட்டுகின்றது. கோரைக்கிழங்கு ஈரம் இழந்தால் மடியும். வாரம் ஒருமுறை கட்டிகளைப் புரட்டி, வெளிப்பட்ட கிழங்குகளைப் பொறுக்கி நிலத்துக்கு அப்பால் அகற்றுதல் வேண்டும்.

வைகாசிக்குப்பின் நிலத்தைச் சமன் செய்து நீர் விடுக. உயிர் பிழைத்த கிழங்குகளும் களை விதைகளும் பத்துப் பதினைந்து நாளில் முளைத்துத் தம்மைக் காட்டிக் கொடுக்கும். அவற்றைக் களைக்கொட்டால் கிழங்கோடு தோண்டி எடுத்தல் வேண்டும். மீண்டும் நீர் விட்டு, மீண்டும் முளைக்கச் செய்து, மீண்டும் எடுத்தல் வேண்டும். இரண்டு முறையேனும் இவ்வாறு செய்யாத நிலத்தில் புல்லை நடுதல் கூடாது. ஈர மண்ணின்மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பைக் கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைக்கும் முறையும் உண்டு. அது பல களைகளின் விதைகளைக் கொல்லும். கோரைக்கிழங்கை முற்றும் கொல்வதில்லை. ஆதலின் தோண்டி எடுத்தலே முடிவான வழி.

இங்கு மற்றொன்றும் கருதற்பாலது. திறப்பு விழாவின் நாளை எண்ணி இப்பணியைச் சுருக்குவோர் உளர். அவர் மிச்சப்படுத்தும் இரண்டு திங்களின் விலையை யார் செலுத்துகின்றார்? தோட்டப் பணியாளர் செலுத்துகின்றார். வைகாசியில் அகற்றாத கிழங்குக்காக அவர் ஆண்டுக்கணக்கில், வெயிலில், முதுகு வளைந்து, ஒவ்வொன்றாகக் களை பறித்துக் கொண்டிருப்பார். நம் அவசரம் பிறர் முதுகில் சுமையாக இறங்குதல் நீதியன்று. விழாவின் நாளைப் புல்லுக்கேற்பக் குறித்தலே முறை. இயலாதெனின் தொட்டிச் செடிகளால் முகப்பை அணி செய்து விழாவை நடத்திக் கொள்ளலாம்.

வெளிமண்ணும் எருவும்

கோரை நிலத்தில் இருந்தே வருவது மட்டுமன்று. நாம் விலை கொடுத்து வாங்கும் மண்ணிலும் வருகின்றது. ஏரி வண்டலும் வயல் மண்ணும் கோரைக்கிழங்கைத் தாங்கி வருதல் இயல்பு. வண்டிமண் வாங்குமுன் ஒரு கூடை மண்ணைப் பெற்று, நீர் தெளித்து, இரண்டு வாரம் வைத்து, என்ன முளைக்கின்றது என நோக்குதல் எளிய காப்பாகும். இச்சிறு சோதனை பெருந்துன்பத்தைத் தவிர்க்கும்.

எருவிலும் இவ்விழிப்பு வேண்டும். பச்சைச் சாணம் மண்ணில் வெப்பம் எழுப்பும். களை விதைகளையும் வண்டின் புழுக்களையும் கொணரும். ஆட்டுக்கிடை போடுதல் வயலுக்கு ஏற்றதாயினும், சீமைக்கருவேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கை வழியே அதன் விதை பரவும். எனவே நன்கு மக்கி, நிறம் கறுத்து, சாண வாடை நீங்கி மண்மணம் பெற்ற எருவையே சலித்து இடல் வேண்டும். 100 சதுர மீட்டரில் ஒரு செ.மீ. கனம் பரப்ப ஒரு கன மீட்டர் எரு தேவை, இரண்டரை செ.மீ. கனத்துக்கு இரண்டரை கன மீட்டர். இதனை மேலே பரப்பி விடாது, அரையடி ஆழம் வரை மண்ணோடு கலத்தல் வேண்டும். மண்புழு நாளடைவில் ஏனைய பணியை ஏற்கும்.

மட்டமும் வாட்டமும்

நம் கொத்தனார் மொழியில் மட்டம், வாட்டம் என இரு சொற்கள் உள. மேடு பள்ளமின்மை மட்டம். நீர் ஓடுதற்குரிய சரிவு வாட்டம். புல்தரைக்கு இவ்விரண்டும் வேண்டும். கண்ணால் நோக்கிச் சமன் செய்தல் ஏமாற்றும். முளைக்குச்சிகளை அடித்து, நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயால் மட்டம் பிடித்து, நூல் கட்டுதல் வேண்டும். நூறு அடிக்கு ஓரடி என்னும் அளவில், கட்டடத்திலிருந்து விலகிச் செல்லுமாறு வாட்டம் அமைதல் நன்று. சரிவின் கடைக்கோடியில் நீர் உறிஞ்சு குழி ஒன்று அமைத்தால் மிகுநீர் தெருவுக்கு ஓடாது நிலத்தடிக்குச் செல்லும்.

தமிழகத்தில் 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகின்றது. அதனைச் சாக்கடையில் விடாது, வடிகட்டித் தொட்டியிலும் மிகுதியை அக்குழியிலும் சேர்த்தல் இயலும். புல்தரை நீரைச் செலவிடும் இடமாக மட்டும் இராமல், நீரை நிலத்துக்கு வழங்கும் இடமாகவும் அப்பொழுது ஆகின்றது.

கொத்திய மண் தானே அமிழும் இயல்புடையது. எனவே மட்டம் பிடித்தபின் நீர் விட்டுச் சில நாள் அமிழவிட்டு, பள்ளம் விழுந்த இடங்களை நிரப்பி, மீண்டும் பரம்படித்தல் வேண்டும். இறுதியில் இலேசான உருளையை ஒருமுறை உருட்டினால் போதும். நடப்பவரின் அடித்தடம் மெல்லப் பதிய வேண்டும். பாதம் புதையவும் கூடாது. தடமின்றி இறுகவும் கூடாது.

இப்பணிகள் அனைத்திலும் பதம் அறிதலே உயிர்நாடி. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கி விரல் விரித்தால் அது உருண்டையாய் நின்று, விரலால் தட்ட உதிருமாயின் அதுவே பதம். உருண்டை பிசைந்த மாவு போல ஒட்டினால் ஈரம் மிகுதி. அப்பொழுது மிதித்தாலும் உருளை உருட்டினாலும் களிமண் இறுகி, காய்ந்தபின் ஓடு போலாகும். உருண்டை நில்லாது தூளானால் வறட்சி. அப்பொழுது கொத்தினால் கருவியும் கையும் நோகும். பதம் என்னும் சொல் சமையலறையிலும் உண்டு, உலைக்களத்திலும் உண்டு, வயலிலும் உண்டு. மூன்றிடத்தும் அதனைக் கற்றுத் தருவது கையே.

நடவும் காலமும்

இவ்வாறு சித்திரையில் தொடங்கிய பணி ஆடியில் நிறைவு பெறும். ஆவணி, புரட்டாசியில் அருகம்புல்லின் கணுவுள்ள துண்டுகளைப் பத்து முதல் பதினைந்து செ.மீ. இடைவெளியில் ஊன்றினால், ஐப்பசிப் பெருமழைக்கு முன் வேர் பிடித்துக் கொள்ளும். மழைக்காலத்தில் நட்டால் மண் அரித்துத் துண்டுகள் மிதந்து போதலும் உண்டு. கடுங்கோடையில் நட்டால் நீர்ச்செலவு மிகும். நாற்றுப்புல்லிலும் கோரை கலந்திருத்தல் கூடுமாதலின், ஊன்றுமுன் ஒவ்வொரு கட்டையும் பிரித்து நோக்குதல் இன்றியமையாதது. நிலத்தைத் தூய்மை செய்த உழைப்பு ஒரு கட்டுப் புல்லால் கெடுதல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புல்தரை என்பது நடும் நாளில் தொடங்குவதன்று, அதற்கு நான்கைந்து திங்களுக்கு முன்பே மண்ணுக்குள் தொடங்குவது என்பது விளங்கும். நீரின் அளவறிந்து பரப்பை வரையறுத்தல், கட்டடக் கழிவை அகற்றல், மண்ணின் இயல்பறிதல், வெயிலில் உணக்கல், களையை முளைக்க விட்டுக் களைதல், மக்கிய எருவைக் கலத்தல், மட்டமும் வாட்டமும் அமைத்தல் ஆகிய இவ்வேழும் வரிசை மாறாது நிகழ்தல் வேண்டும். 1038ஆம் குறளும் ஏர், எரு, களை, நீர், காவல் எனப் பணிகளை ஒப்பிட்டுக் காட்டுகின்றது. உழுதலினும் எருவிடுதலை உயர்த்திக் கூறி, களை எடுத்தபின் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்பது அதன் முடிபு. காவலின்றி எப்பணியும் நிலைபெறாது என்பது இதனால் பெறப்படும்.

இப்பணிகளுள் ஒன்றேனும் புல்தரை வளர்ந்தபின் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. அங்கு அமர்ந்து நூல் பயிலும் மாணவர், தம் காலடியில் ஒரு கோடைக்கால உழைப்பு புதைந்திருப்பதை அறியார். அறியாவிடினும் அவ்வுழைப்பின் பயன் அவர்க்குக் கிட்டும். வளாகத்தில் புதிய தோட்டம் அமைக்கும் எண்ணம் எழுந்தால், மாணவர் குழு ஒன்று முதலில் ஒரு கண்ணாடிப் புட்டியையும் ஓரடிக் குழியையும் கொண்டு தம் மண்ணை வினவித் தொடங்குக. சித்திரையில் தோட்டப் பணியாளரோடு மண்வெட்டி பிடிக்கவும் முன்வருக.